ஆறு யானைகள்

சக்கரங்களின் சரித்திரம் – 14

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஒரு காயலான் கடை. இரண்டாம் உலகப் போர்க்காலம். அமெரிக்கா முழுக்கப் பழைய இரும்பைத் தேடித் தேடித் திரட்டி உருக்கிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக் கம்பி வேலிகூடப் பீரங்கிக்கும் கப்பலுக்கும் போய்ச் சேர்ந்த நாட்கள் அவை. அந்தக் கடையில் உடைசல்களுக்கு நடுவே ஒரு கார் கிடந்தது. நீளம் 20 அடிக்கும் மேல். எஞ்சினில் இருந்த தண்ணீரை வடிக்காமல் குளிர்காலத்தில் வெளியே விட்டதால், நீர் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக் பிளந்திருந்தது. ஓடாத வண்டி. எடைக்குப் போட்டால் மூன்று டன் தேறும். கடைக்காரர் கணக்கில் அதன் மதிப்பு அவ்வளவுதான்.

அந்தக் காரைத் தேடி ஒருவர் வந்தார். பெயர் சார்ல்ஸ் செய்ன். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ப்யூக் பிரிவில் தலைமைப் பொறியாளர். பகலெல்லாம் புதுக் கார்களை வடிவமைப்பவர், பழைய கார்களிடம் மனதைப் பறிகொடுத்தவர். லாட வடிவத்தில் வளைந்த ரேடியேட்டரும், பிரம்மாண்டமான எஞ்சினும், முடிவே இல்லாததுபோல் நீளும் போனட்டும் என்ன சொல்கின்றன என்று அவருக்குத் தெரியும். சில நூறு டாலரைக் கொடுத்து அந்தக் காரை வாங்கிக்கொண்டார்.

அவர் மீட்டது புகாட்டி ராயல். உலகத்தில் மொத்தம் ஆறே ஆறு.

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்கிறோம். ஆனால் கிடப்பது யானைதான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்ல ஆளில்லாத இடத்தில் தந்தமும் வெறும் எலும்புதான். அபூர்வமான கார்களின் சரித்திரத்தைப் புரட்டினால், அதைச் செய்தவர்களின் கதை பாதி என்றால், அடையாளம் கண்டவர்களின் கதை மறுபாதி. ராயலின் கதையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

அரசர்களுக்காக ஒரு வண்டி

எத்தோர் புகாட்டி 1881-இல் மிலான் நகரில் பிறந்தவர். தந்தை மரச்சாமான்களைக் கலைப்பொருளாகச் செய்தவர். தம்பி ரெம்பிராண்ட் விலங்குகளை வெண்கலத்தில் வடித்த சிற்பி. அந்த வீட்டில் பிறந்த எத்தோர் இரும்பைக் கையில் எடுத்தார். 1909-இல் அல்சாஸ் பகுதியின் மோல்ஷைம் என்ற சிற்றூரில் தொழிற்சாலை தொடங்கினார். 1920-களில் அவருடைய சின்னஞ்சிறு பந்தயக் கார்கள் ஐரோப்பாவின் பந்தயக் களங்களை ஆண்டன.

சிறியதில் வென்றவருக்குப் பெரியதன்மேல் ஆசை வந்தது. அரசர்கள் ஏறும் கார் ஒன்று, அதைவிடப் பெரியது வேறு இல்லாதபடி. 1926-இல் முதல் வண்டி உருவெடுத்தது. ‘டைப் 41’ என்பது தொழிற்சாலைப் பெயர். ‘ராயல்’ என்பது ஊர் அறிந்த பெயர். எஞ்சினின் கொள்ளளவு 12,763 சி.சி. நம் மாருதி 800-இன் எஞ்சின் 796 சி.சி. அதாவது, பதினாறு மாருதிகளின் எஞ்சின் கொள்ளளவைச் சேர்த்தால் ஒரு ராயல். எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். காரின் நீளம் 6.4 மீட்டர். எடை ஏறக்குறைய ஒரு பெண் யானையின் எடை.

யானை என்று சும்மா சொல்லவில்லை. ரேடியேட்டரின் உச்சியில், மூடிக்கு மேலே, பின்னங்கால்களில் நிமிர்ந்து துதிக்கையைத் தூக்கிய ஒரு குட்டி யானை நிற்கும். தம்பி ரெம்பிராண்ட் வடித்த சிற்பம் அது. ரெம்பிராண்ட் 1916-இல், 31 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். இறந்துபோன தம்பியின் யானையைத் தன் ஆகப் பெரிய கனவின் நெற்றியில் ஏற்றி வைத்தார் அண்ணன்.

25 வண்டிகள் செய்வது திட்டம். யானைக்கும் அடி சறுக்கும். 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்தது. கடைசிவரை எந்த அரசரும் ராயலை வாங்கவில்லை. ஆறு வண்டிகளோடு பணி நின்றது. அந்த ஆறிலும் விற்றவை மூன்றுதான்.

ஆனாலும் அந்த எஞ்சின் வீண்போகவில்லை. 1933 முதல் பிரெஞ்சு ரயில்வேக்கு எத்தோர் ரயில்கார்கள் செய்து கொடுத்தார். ராயலுக்காகப் பிறந்த எஞ்சின்கள் இரண்டும் நான்குமாய் அவற்றில் ஏறின. தொழிற்சாலையின் அடுப்பை அணையாமல் காத்தவை அந்த ரயில்கார்கள்தான்.

யானை ஒன்று, அம்பாரி பல

அந்தக் காலத்துப் பெரிய கார்கள் முழு வண்டியாக விற்கப்படவில்லை. நம்மூரில் சேஸிஸை வாங்கிக் கரூருக்கு அனுப்பி பஸ் பாடி கட்டுகிறோமே, அதே முறைதான். தொழிற்சாலை சேஸிஸும் எஞ்சினும் தரும். வாங்கியவர் தனக்குப் பிடித்த பட்டறையில் பாடி கட்டிக்கொள்வார். ஆகவே ஆறு ராயல்களும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

துணி வியாபாரத்தில் செல்வம் சேர்த்த பாரிஸ்காரர் அர்மான் எஸ்டர்ஸ் 1932-இல் ஒன்றை வாங்கினார். எத்தோரின் மகன் ஷான், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், அதற்கு இரண்டே பேர் அமரும் திறந்த பாடியை வடிவமைத்தார். ‘நான் இரவில் ஓட்டுவதில்லை’ என்று எஸ்டர்ஸ் சொன்னதால் ஹெட்லைட்டே வைக்கவில்லை. இன்னொன்றை ஜெர்மன் மருத்துவர் யோசஃப் ஃபுக்ஸ் வாங்கி, மியூனிக் நகரின் வைன்பர்கர் பட்டறையில் கறுப்பும் மஞ்சளுமாகப் பாடி கட்டிக்கொண்டார். மூன்றாவது 1933-இல் இங்கிலாந்தின் கேப்டன் கத்பர்ட் ஃபாஸ்டரிடம் போனது.

எஸ்டர்ஸின் வண்டி பின்னாளில் கைமாறியபோது, புது உரிமையாளர் அந்த அழகிய பாடியைக் கழற்றிவிட்டு வேறொன்றைக் கட்டினார். எத்தோர் தனக்கென்று வைத்துக்கொண்ட முதல் வண்டியோ பலமுறை பாடி மாறியது. அப்படியானால் ஒரு காரை ‘இதுதான் அது’ என்று எதை வைத்துச் சொல்வது?

எண்ணை வைத்துத்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தவர்களுக்கு இது புரியும். எழுத்தெழுத்தாக உளி அடித்த அந்தத் தடம், தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தாளில் எழும்பி வரும். பழைய கார்களை ஆராய்பவர்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பல ஆண்டு கிரீஸையும் மண்ணையும் துணியால் துடைத்து, எஞ்சின் சேஸிஸில் உட்காரும் காலில் என்ன எண் அடித்திருக்கிறது, கியர் பெட்டியில் என்ன எண், பின் அச்சில் என்ன எண் என்று பார்ப்பார்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? எண்ணின் எழுத்துருவம் அந்தக் காலத்துப் பட்டறை உளியுடையதா, நேற்று அடித்ததா? புகாட்டி பிரியர்கள் முன் அச்சையும் குனிந்து பார்ப்பார்கள்: அச்சைச் சுற்றிக் கட்டாமல், அச்சில் துளையிட்டு அதன் வழியே ஸ்பிரிங் பட்டையை நுழைத்திருப்பார் எத்தோர். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கையெழுத்து மாதிரி.

41100, 41111, 41121, 41131, 41141, 41150. ராயல்களின் எண்கள் இவை. பாடி மாறலாம், பெயிண்ட் மாறலாம், உரிமையாளர் மாறலாம். இந்த எண்களை நம்பித்தான் உலகம் ஆறு என்று எண்ணுகிறது. எஸ்டர்ஸின் ஹெட்லைட் இல்லாத காரைப் பிற்காலத்தில், மிஞ்சியிருந்த அசல் உதிரிபாகங்களைக் கொண்டு அச்சு அசலாக மறுபடி செய்தார்கள். பிரான்சின் முலூஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். கண்ணுக்கு நிறைவான வேலை. இருந்தாலும் அதை ஏழாவது ராயல் என்று யாரும் சொல்வதில்லை.

சுவருக்குப் பின்னால்

ஃபுக்ஸின் வண்டிதான் பிராங்ஸ் காயலான் கடையில் கிடந்த 41121. ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய மருத்துவர், காரையும் விடவில்லை. ஷாங்காய்வரை அது அவரோடு போனது, பிறகு நியூயார்க். அங்கேதான் ஒரு குளிர்காலம் அதன் நெஞ்சைப் பிளந்தது. செய்ன் அதை வாங்கி, பிளாக்கைச் சரிசெய்து, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கு வைத்து, வெள்ளையும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்து ஓட்டினார். அசலை மாற்றிவிட்டாரே என்று வருந்தும் ஆர்வலர்கள் உண்டு. அவர்களின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அவர் போகாமலிருந்தால் மாற்றுவதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. 1950-களின் பிற்பகுதியில் செய்ன் தம்பதி அதை டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பதவியில் இருந்தவர், தன் பொக்கிஷத்தை ஃபோர்டின் பெயர் தாங்கிய கூடத்துக்குத் தந்தார். நல்ல கைகளில் இருக்க வேண்டும் என்பதற்குமேல் அவருக்கு வேறு கணக்கு இல்லை.

விற்காமல் புகாட்டி குடும்பத்திடமே தங்கிய கார்களுக்கு வேறு தலைவிதி. போர் வந்ததும், பாரிஸுக்கு அருகே எர்மெனோன்வில் என்ற ஊரில் இருந்த குடும்ப வீட்டில் அவற்றை நிறுத்தி, முன்னால் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். ஜெர்மானியப் படை வந்தது, போனது, சுவர் பேசவில்லை. அதற்குள் குடும்பம் சிதைந்திருந்தது. 1939-இல் கார் ஒன்றைச் சோதித்து ஓட்டும்போது ஷான் விபத்தில் இறந்தார். 1947-இல் எத்தோரும் போனார். 1950-இல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம், எத்தோரின் மகள் லெபேயிடமிருந்து இரண்டு ராயல்களை வாங்கினார். விலையின் ஒரு பகுதியாகப் புத்தம்புதிய ஃப்ரிட்ஜ்களைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. போரில் எல்லாம் இழந்த பிரான்சில் ஃப்ரிட்ஜ் கிடைக்காத பொருள். யானை கட்டித் தீனி போட முடியாத வீட்டின் நிலைமை அது.

ஒரு பதிவேடு

இதற்கிடையே இங்கிலாந்தில் இன்னொரு வகை உழைப்பு நடந்துகொண்டிருந்தது. 1929-இலேயே அங்கே புகாட்டி உரிமையாளர் சங்கம் உருவாகிவிட்டது. விமான எஞ்சின் துறையில் பெயர்பெற்ற பொறியாளர் ஹியூ கான்வே, பிரிட்டனில் இருந்த புகாட்டிகளை எண் எண்ணாகத் தேடி, எது எந்த ஆண்டுடையது, யாரிடம் இருக்கிறது என்று குறித்து 1962-இல் ஒரு பதிவேடு வெளியிட்டார். ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுப் படி எடுத்தவர்களின் வேலைக்குச் சமமானது அது. படி எடுக்காத கல்வெட்டு அம்மிக்கல்லாகிவிடும். பதிவேட்டில் ஏறாத கார் உதிரிபாகமாகிவிடும்.

அந்தப் பதிவேட்டை வரி விடாமல் படித்தவர்களில் ஒருவர் ஃப்ரிட்ஸ் ஷ்லும்ப். முலூஸ் வட்டாரத்தில் நூற்பாலைகள் நடத்திய சகோதரர்களில் இளையவர். பட்டியலில் இருந்த உரிமையாளர்களுக்கு விலை கேட்டுக் கடிதங்கள் பறந்தன. 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரிடமிருந்த 30 புகாட்டிகளை 85,000 டாலருக்கு மொத்தமாக வாங்கினார். ஃபாஸ்டரின் ராயலும் அதில் ஒன்று. எத்தோர் தனக்கென வைத்திருந்த முதல் ராயலும் அவரிடம் வந்து சேர்ந்தது. வாங்கியதை எல்லாம் ஆலைக்குள் பூட்டி வைத்தார். 1977-இல், வேலையிழந்த தொழிலாளர்கள் அந்தக் கதவைத் திறந்தபோது உள்ளே கண்டது என்ன என்பதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அடுத்த இதழ் முழுக்க அந்தக் கதைதான்.

ஆறும் ஒரே புல்வெளியில்

1985 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவில் பசிபிக் கடலோரம் உள்ள பெபிள் பீச். 1950 முதல் அங்கே பழைய கார்களின் அழகுப் போட்டி நடந்துவருகிறது. அந்த ஆண்டு பிரான்சிலிருந்து இரண்டு, டியர்பார்னிலிருந்து ஒன்று, மற்றவர்களிடமிருந்து மூன்று என ஆறு ராயல்களும் வந்து சேர்ந்தன. வெவ்வேறு காலத்தில் பிறந்து, நாடு நாடாகச் சிதறிய ஆறும் ஒன்றாக நின்றது அதுவே முதல் முறை.

அந்தப் புல்வெளியின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கார்களைவிட, அவற்றைக் கொண்டுவந்து சேர்த்த கைகள்தான் என் நினைவுக்கு வரும். காயலான் கடையில் ஒரு கை. சுவர் எழுப்பிய கொத்தனாரின் கை. பதிவேட்டில் எண் எழுதிய கை. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அன்று ஆறு என்ற கணக்கு நிறைந்திருக்காது. இரண்டே ஆண்டில், 1987-இல், கன்னிங்ஹாம் வாங்கிய இரண்டு ராயல்களில் ஒன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 55 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. பிராங்ஸ் கடைக்காரர் கணக்கிலும் கார் மூன்று டன்தான். ஏலக்கூடத்திலும் மூன்று டன்தான்.

நம் நாட்டிலும் 2021-இல் ஒரு நல்லது நடந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த, சேஸிஸும் எஞ்சினும் பாடியும் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தரும் விதியை மத்திய அரசு கொண்டுவந்தது. தாத்தா காலத்து வண்டிக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ, சித்தப்பாவின் அரிசி ஆலையிலோ தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பழைய வண்டி இருக்கலாம். அது ராயலாக இருக்கப்போவதில்லை. ஆனாலும் எடைக்குப் போடும் முன் ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு போய், சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் துடையுங்கள். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். பெட்டியடியில் கிடக்கும் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

(தொடரும்)