நாவலப்பிட்டியும் காத்திருத்தலின் கணக்கும்

கண்டிச் சீமையில் கம்பளையைக் கடந்து தெற்கே சென்ற இருப்புப்பாதை 1874ஆம் ஆண்டின் இறுதியில் நாவலப்பிட்டியை அடைந்தது. அங்கிருந்து அட்டனை எட்டுவதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. அந்தப் பத்தாண்டுகளும் பாதையின் முடிவிடம் நாவலப்பிட்டியே. டிக்கோயா, டிம்புல மலைகளில் விளைந்த கோப்பியைச் சுமந்த மாட்டு வண்டிகள் இங்கேதான் இறங்கி வந்தன. இதற்கப்பால் மலையேறுவோருக்கு வண்டியும் நடையுமே துணை. புகையிரதப் பெட்டிகள் அளவோடு வரும் இடத்தில் வண்டிகள் காத்து நிற்பது இயல்பு. இவ்வூர் காத்திருத்தலோடு பிறந்தது என்று சொன்னாலும் தகும்.

1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் பாதை சென்றடைந்தது. ஆயினும் மலையின் குணம் மாறவில்லை. நாவலப்பிட்டி ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில் உள்ளது. பட்டிப்பொளைக்கு அப்பால் பாதை 6,200 அடியைத் தாண்டுகிறது. 44 அடி ஓடினால் ஓரடி உயரும் ஏற்றங்கள் வழியில் உள்ளன. போடப்பட்டதோ ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையங்களில் ஒன்றுக்கொன்று வழிவிட்டே செல்ல வேண்டும். எனவே வண்டிகளின் எண்ணிக்கையையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் நினைத்தவாறு பெருக்க இயலாது. ஒரு நாளில் இத்தனை பேர்தான் அமர்ந்து செல்லலாம் என்ற எல்லையை மலையே வகுத்துவிட்டது.

2009இல் போர் முடிந்தபின் வெளிநாட்டுப் பிரயாணிகள் பெருகினர். தேயிலைச் சரிவுகளையும் நீர்வீழ்ச்சிகளையும் சாளரத்தின் வழியே காண விரும்பியவர்களுக்கு, முப்பது நாட்களுக்கு முன்னரே ஆசனம் ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாடு வாய்ப்பாயிற்று. விளைவு என்ன? நிலைய மேடையில் நிற்கும் நேரம் சிலருக்குக் குறைந்தது. ஆனால் ஆசனங்கள் கூடவில்லை. மேடையில் ஒரு மணி நேரமாக இருந்த காத்திருத்தல், பதிவு திறக்கும் நாளை எதிர்பார்க்கும் ஒரு மாதக் காத்திருத்தலாக உருமாறிற்று. எல்ல நோக்கிச் செல்லும் வண்டிகளின் சீட்டுகள் சில கணங்களிலேயே தீர்ந்துபோவதாக முறைப்பாடுகள் எழுந்தன. அவற்றை வாங்கிப் பதுக்கிக் கூடிய விலைக்கு விற்றமை பற்றி 2025 ஜனவரியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தியது.

இதே நாடகம் வேறொரு மேடையில் முன்னரே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட் என்னும் களியாட்டப் பூங்காவில், சவாரிகளுக்குத் தரம்பிரித்த சீட்டுப் புத்தகங்கள் விற்கப்பட்டன. சிறந்த சவாரிக்குரிய சீட்டுகள் சிலவே இருந்தமையால் ஒருவரே பலமுறை ஏறுவது தடைப்பட்டது. 1982இல் அம்முறை நீங்கி, ஒரே கட்டணத்தில் விரும்பியவற்றில் எல்லாம் ஏறலாம் என்றாயிற்று. புகழ்பெற்ற சவாரிகளின் முன் வரிசைகள் நீண்டன. 1999இல் 'ஃபாஸ்ட் பாஸ்' என்ற ஏற்பாடு வந்தது. இயந்திரம் தரும் துண்டுச் சீட்டில் ஒரு வேளை குறித்திருக்கும். அவ்வேளையில் திரும்பி வந்தால் நீண்ட வரிசையில் நில்லாமல் ஏறலாம்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது நன்று. ஒரு சவாரி மணிக்கு 1,000 பேரை ஏற்றுவதாகவும், அவற்றுள் 800 இடங்கள் துண்டுச் சீட்டு உள்ளோருக்குச் செல்வதாகவும் கொள்வோம். சாதாரண வரிசைக்கு எஞ்சுவது 200. அவ்வரிசையில் 400 பேர் நின்றால், கடைசி மனிதர் இரண்டு மணி நேரம் காத்திருப்பார். வரிசையோ பார்வைக்குக் குட்டையானது! முன்னைய முறையில் 400 பேர் கொண்ட வரிசை 24 நிமிடங்களில் கரைந்திருக்கும். வரிசையில் நிற்போர் தொகை, அவர்கள் வந்து சேரும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கிய தொகையாகும் என்று ஜோன் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் நிறுவினார். வரிசையின் நீளத்தை மட்டும் கண்டு காலத்தை மதிப்பிடுவோர் ஏமாறுவது இதனாலேயே.

இன்னொன்றும் உண்டு. துண்டுச் சீட்டு வாங்கியவர் குறித்த வேளைவரை வாளா இருப்பதில்லை. அடுத்த சவாரியின் வரிசையில் போய் நிற்கிறார். ஒரே மனிதர் இரண்டு வரிசைகளில் இடம்பிடித்தவராகிறார். கூட்டமில்லாத சிறு சவாரிகளுக்கும் இதனால் வரிசை நீண்டது. அந்த இலவச ஏற்பாடு 2021இல் கைவிடப்பட்டது; விரைந்து ஏறும் உரிமை விலைக்கு விற்கப்படலாயிற்று. எல்ல வண்டிச் சீட்டைக் கள்ள விலைக்கு விற்றவர்கள் மறைவாகச் செய்த வாணிகத்தை, அங்கே பூங்காவே வெளிப்படையாக நடத்தியது எனலாம்.

முன்பதிவினால் பயனே இல்லையென்று கூறுவது அநியாயம். கூட்டம் மிகுந்த வேளையிலிருந்து மக்களை வெறுமையான வேளைக்குத் திருப்பும்போது அது மெய்யாகவே காத்திருத்தலைக் குறைக்கும். மலைநாட்டுப் பாதையில் அது முழுதும் கைகூடாமைக்குக் காரணம் உண்டு. காட்சி காண வருபவர் இரவு அஞ்சல் வண்டியை நாடார். இருளில் நீர்வீழ்ச்சி தெரியாது. அவர் பகல் வண்டியையே நாடுகிறார். தோட்ட மக்களுக்கும் அதே பகல் வண்டிதான் வேண்டும்.

வட்டவளையிலிருந்து நாவலப்பிட்டி வைத்தியசாலைக்கு வருபவர், தமக்கு எந்த நாளில் காய்ச்சல் காணும் என்பதை ஒரு மாதத்திற்கு முன் அறிந்து ஆசனம் ஒதுக்கிக்கொள்ள முடியாது. அவருக்குரியது ஒதுக்கீடில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டி. அதன் சீட்டு அன்றைக்கே நிலையத்தில் வாங்குவது. அந்தப் பெட்டிகள் எத்தனை இணைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அவர் அமர்ந்து வருவதும் வாசற்படியில் நின்று வருவதும் அமையும்.