வானொலியின் செவ்வியல் இசை நாள்

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. வால்டர் காஃப்மன் அமைத்ததாகச் சொல்லப்படும், சிவரஞ்சனிச் சாயலுள்ள அடையாள இசையோடு அதன் நாள் விடியும். பின் வந்தே மாதரம், நாதசுரமும் தவிலும் ஒலிக்கும் மங்கள இசை, பக்திப் பாடல்கள். இடையிடையே செய்திகள், உரைகள், நாடகங்கள் வரும்.

கச்சேரிகளே இந்நாளின் உயிர். எதிரே ரசிகர் இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்தில், கடிகாரத்தைப் பார்த்தபடி ஆலாபனையை அளந்து பாட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு பல வித்வான்களின் பாட்டைச் செதுக்கியது. வானொலியின் தேர்வில் தேறியவர்க்கே வாய்ப்பு. ‘பி’ முதல் ‘ஏ டாப்’ வரை தரப்படுத்துவர். பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த 1952இல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. அதன் வழியே சனிக்கிழமை இரவுகளில் இந்துஸ்தானி இசையும் தென்னக வீடுகளுக்குள் வந்தது.

ஆண்டின் தலையாய நாள், கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவு நாளான புஷ்ய பகுள பஞ்சமி. திருவையாற்றில் காவிரிக் கரையிலுள்ள அவரது சமாதியில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் குழுவாகப் பாடுவதை வானொலி நேரலையாகத் தரும். அங்கே போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கூடப் பாடுவார்கள்.