உரத்த குரலின் கதை

ஆடி மாதத்தில் பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைப் பக்கம் போனால், கூழ் ஊற்றும் ஏதாவதொரு தெருவிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். திருவேற்காட்டுக் கருமாரியம்மன் பக்கத்தில் இருக்கும் ஊர் அல்லவா! அந்தக் குரல் கெஞ்சுவதில்லை. உரிமையோடு அம்மனைக் கூப்பிடுகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே தெருவில் ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் குரலை உயர்த்தட்டும், “ஏன் கத்துறே? மெதுவாப் பேசு” என்பார்கள். அவள் என்ன கேட்டாள் என்பது அத்தோடு மறந்துபோகும்.

தமிழில் தொனியே பாதிப் பொருள். “சரி” என்ற ஒரே சொல் சம்மதமாகும், சலிப்பாகும், சண்டையின் தொடக்கமும் ஆகும். ஓகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு பொருள் சொல்கிறது. அவற்றில் வினாவும் உண்டு, எதிர்மறையும் உண்டு. “நானோ சொன்னேன்?” என்று இழுத்துக் கேட்டால் கேள்வியே மறுப்பாகிவிடும். ஆனால் பெண் பேசும்போது மட்டும் தொனியை அவள் சொல்லவந்த பொருளோடு சேர்க்காமல், அவளுடைய குணத்தோடு சேர்த்துவிடுகிறோம். அமைதியானவள், வாயாடி, அடங்காதவள் என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை கேட்கும் குரல்தான் பெண்ணுக்கும் மூலதனம். அந்த மேடையில் வளர்ந்த கே.பி. சுந்தராம்பாள், 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். 1958இல் சட்ட மேலவை உறுப்பினரானார்.

மைக்கும் பின்னணிப் பாடலும் வந்தபின் மெல்லப் பாடினாலும் ஊருக்கே கேட்டது. அந்த மென்மை பெண்மையின் அடையாளமானது. குரல்களும் தரம் பிரிக்கப்பட்டன. பொதுவாகக் கதாநாயகிக்குப் பி. சுசீலா பாடினார். கிளப் நடனக்காரிக்கும் குறும்புக்காரத் தோழிக்கும் ஈஸ்வரி.

ஈஸ்வரியின் தாய் ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். 1961இல் ‘பாசமலர்’ படத்தில் ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு வீடுதோறும் ஒலித்தது. மங்கலத்துக்கும் பொருந்திய குரல்தான் அது. 1968இல் ‘பணமா பாசமா’வில் இலந்தைப்பழம் விற்கும் பெண்ணுக்குப் பாடினார். பட்டிதொட்டியெல்லாம் பரவிய அந்தப் பாட்டுக்குக் கொச்சை என்ற பழியும் வந்தது. தெருவில் கூவி விற்கும் பெண் மெதுவாகப் பேசினால் அவள் கூடை காலியாகாது. அவளுடைய தொனி பிழைப்பிலிருந்து வந்தது. கேட்டவர்கள் அதை ஒழுக்கத்தோடு முடிச்சுப்போட்டார்கள்.

பின்னர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அதே ஈஸ்வரி அம்மன் பாட்டுகளைப் பாடினார். குழைவும் அதட்டலும் அதே தொண்டையிலிருந்து வந்தவைதான். சினிமாவில் சந்தேகப்பட்ட குரலின் முன் கோயிலில் கைகூப்பி நின்றார்கள். சாமிக்காக உயர்ந்தால் பக்தி, தனக்காக உயர்ந்தால் திமிர்!

கூலி பாக்கியைக் கேட்கும் பெண்ணுக்கும், பேருந்தில் உரசியவனை அதட்டும் மாணவிக்கும் கிடைப்பது இன்றும் அந்த இரண்டாவது பெயர்தான். “மெதுவாப் பேசு” என்று யாராவது சொன்னால், “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்று அதே குரலில் இன்னொருமுறை கேட்போம்.