யார் பணத்தை வைத்து உத்தரவாதம்?

2008 செப்டம்பர் 30. அயர்லாந்து மக்கள் கண்விழித்தபோது ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டிருந்தது. ஆறு வங்கி நிறுவனங்களின் டெபாசிட்டுகளுக்கும் பெரும்பாலான கடன்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று பிரதமர் பிரையன் கோவனின் அரசு இரவோடு இரவாகத் தீர்மானித்துவிட்டது. தொகை சுமார் 44,000 கோடி யூரோ. நாட்டின் மக்கள்தொகையோ அப்போது 45 லட்சம்தான்!

வங்கிகள் கவிழ்ந்தால் நாடே கவிழும் என்பது அரசின் வாதம். அன்றே நாடாளுமன்றத்தின் கீழவையில் விவாதம் தொடங்கியது. பெரிய எதிர்க்கட்சியான ஃபைன் கேல்கூட மசோதாவை ஆதரித்தது. ஆனால் லேபர் கட்சித் தலைவர் ஏமன் கில்மோர் எதிர்த்தார். வங்கிகள் செய்த தவறுக்கு வரி கட்டும் மக்களை ஏன் பிணை வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். அவர் கட்சி எதிர்த்து வாக்களித்தது. மசோதா எளிதாக நிறைவேறியது.

பிறகு என்ன நடந்தது? வங்கிகளைக் காப்பாற்ற அரசுக்கு ஆன செலவு சுமார் 6,400 கோடி யூரோ. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் ஐ.எம்.எஃப்.பிடமும் அயர்லாந்து கையேந்தியது. 2011 தேர்தலில் ஆளுங்கட்சியான ஃபியானா ஃபால் 20 இடங்களாகச் சுருங்கியது. லேபர் 37 இடங்கள் பெற்றது, கில்மோர் துணைப் பிரதமரானார்.

கதை இதோடு முடியவில்லை. எந்தச் சுமையை எதிர்த்தாரோ, அதைச் சுமக்கும் அரசில் அவரே அமர வேண்டியிருந்தது. செலவு வெட்டுகளால் வந்த கோபம் லேபர் மீதும் திரும்பியது. 2016 தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 7 இடங்கள். சரியான கேள்வியைக் கேட்டவர்களும் பில்லில் பங்கு கட்ட வேண்டியதாயிற்று.