நிறுத்தி வைக்கப்பட்டவை: டெபியன் பொதிகளும் சம்மதத்தின் அரசியலும்

டெபியன் லினக்ஸில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது சில பொதிகள் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டதாகத் திரையில் பட்டியல் வரும். ‘புதுசு வந்திருக்குல்ல, போட வேண்டியதுதானே?’ என்பதே பலரது எரிச்சல். நிறுத்திவைப்பைக் கோளாறாகவும் நீக்கத்தை அத்துமீறலாகவும் வாசிக்கும் இப்பார்வை, அவற்றின் பின்னுள்ள வரலாற்றைப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில் ஒவ்வொரு பொதியும் தன் உறவுகளை அறிவிக்கிறது: எதைச் சார்ந்திருக்கிறது, எதோடு ஒத்துப்போகாது, எதன் இடத்தில் வருகிறது. 1999இல் வெளியான டெபியன் 2.1 தொடங்கி இந்த உறவுகளைக் கணக்கிட்டுத் தீர்வு சொல்வது ஏப்ட். ஆக, ‘மெஷின் தூக்கிடுச்சு’ என்று நாம் சொல்லும்போது, பொதிகளைத் தயாரித்த மனிதர்கள் எழுதிய உடன்படிக்கைகளை மறைத்துவிடுகிறோம்.

ஏப்ட்டின் ‘அப்கிரேட்’ கட்டளை ஏற்கெனவே உள்ள எதையும் நீக்காது. புதியது வர வேண்டுமானால் பழையது ஒன்று வெளியேற வேண்டும் என்ற நிலையில் புதியதே வாசலில் நிற்கும். வெளியேற்றத்துக்கு இசைவு தர ‘ஃபுல்-அப்கிரேட்’ என்று தனிக் கட்டளை உண்டு.

2024இல் இது பெரிய அளவில் நடந்தது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் 32 பிட் கடிகாரம் 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளுக்கு ‘டி64’ என்ற பின்னொட்டுடன் புதுப்பெயர் இடப்பட்டது. பழைய பெயர் வெளியேறாமல் புதுப்பெயர் நுழைய முடியாது. அப்போது டெபியனின் சோதனைக் கிளைகளைப் பயன்படுத்தியவர்கள் நீண்ட நிறுத்திவைப்புப் பட்டியல்களைப் பார்த்தார்கள். பழைய நிரல்கள் ஓட வேண்டுமென்பதற்காகவே பராமரிக்கப்படும் ஐ386 கட்டமைப்பில் மட்டும் நேரத்தின் அளவை மாற்றாமல் விட்டார்கள். எதிர்காலத்தைக் காப்பதா, பழையதைக் காப்பதா என்ற தேர்வு அது. தொழில்நுட்பத்தின் பெயரால் எடுக்கப்பட்டாலும் அரசியல் தேர்வுதான்.

சம்மதம் சடங்காகிவிட்டால் என்னாகும்? டெபியன் வழிவந்த பாப் ஓஎஸ்ஸில் 2021இல் பிரபல காணொளியாளர் ஒருவர் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். பொதிகளுக்கிடையே அப்போது இருந்த ஒரு முரணால், மேசைச் சூழல் முழுவதும் நீக்கப்பட இருந்தது. எச்சரிக்கை வந்தது. ‘ஆமாம், நான் சொல்கிறபடி செய்’ என்று பொருள்படும் முழு ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால்தான் நீக்கம் நடக்கும். அவர் தட்டினார், மேசை போயிற்று. ‘படிக்காம யார் கையெழுத்துப் போடச் சொன்னது?’ என்று கேட்டுவிடலாம். ஆனால் முரணான பொதிகளைப் பரிமாறியவர்களின் பொறுப்பு அந்தக் கேள்வியில் கரைந்துபோகிறது. அத்தியாவசியப் பொதிகளை அவ்வளவு எளிதில் நீக்கவிடாதபடி ஏப்ட் அதன்பின் மாற்றப்பட்டது.

ஒரு பொதியை ‘ஹோல்ட்’ செய்து நாமே நிறுத்தி வைக்கவும் முடியும். மறுக்கும் உரிமை பயனருக்கு உண்டு. அதற்கு விலையும் உண்டு: அந்தப் பொதிக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நின்றுபோகும். நம் கைப்பேசிகளில் செயலிகள் புதுப்பிக்கப்படும்போது எது யாருக்காக வெளியேறுகிறது என்ற கணக்கு நமக்குக் காட்டப்படுவதில்லை. டெபியன் காட்டுகிறது. அந்தப் பட்டியலை வாசித்த பிறகே ‘ஒய்’ விசையைத் தட்ட வேண்டும் என்பது என் கட்சி.