இதய அறுவையில் பின்னல் துணி: கசிவைச் சுற்றி ஒரு வரலாறு

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி வீங்கிப் புடைத்தாலோ உட்சுவர் கிழிந்தாலோ, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அறுவை மருத்துவர் தைத்து வைப்பது பெரும்பாலும் ஒரு பாலியஸ்டர் துணிக்குழாய். இதய அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருந்தால் அதை அடைக்கவும் பாலியஸ்டர் துண்டு உதவுகிறது. செயற்கை வால்வைத் தசையோடு சேர்த்துத் தைக்க அதன் விளிம்பில் துணி வளையம் உண்டு. திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த விலைக்கு விற்கும் பனியனும் இத்தகைய குழாய்களில் ஒரு பெரும் வகையும் ஒரே தொழிலில் பிறந்தவை: ஊசி நூலைக் கண்ணியாக வளைக்க, கண்ணிக்குள் கண்ணி கோத்துத் துணி வளர்கிறது.

ரத்தக் குழாய்களை வெட்டி ஒட்டுத் தைக்கும் முறைக்காக அலெக்சிஸ் கேரல் 1912-லேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார். தைக்கத் தெரிந்தும், நடுவில் வைக்கப் பொருள் இல்லை. 1948-ல் ராபர்ட் கிராஸ் இறந்தவர்களின் தமனியைப் பதப்படுத்திப் பொருத்தினார். பாரிஸில் சார்லஸ் துபோஸ்ட் 1951-ல் வயிற்று மகாதமனி வீக்கத்தை நீக்கி அதே வகைத் தமனியை வைத்தார். ஆனால் பிணத்தின் தமனி கேட்கும்போது கிடைப்பதில்லை. கிடைத்து வைத்தாலும் சில ஆண்டுகளில் சிதைந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளம் மருத்துவராக இருந்த ஆர்தர் வூர்ஹீஸ், 1947-ல் ஒரு நாயின் இதய அறைக்குள் தங்கிவிட்ட பட்டுத் தையல் நூலைக் கவனித்தார். சில மாதங்களில் அந்த நூலின் மேல் வழவழப்பான திசு படர்ந்திருந்தது. ஒற்றை நூலின் மேல் திசு படருமானால் துணியின் மேலும் படருமே என்பது அவர் எண்ணம். வினியான்-என் என்ற செயற்கைத் துணியில் குழாய் தைத்து நாய்களுக்குப் பொருத்தி, 1952-ல் முடிவை வெளியிட்டார். இந்தத் துறையின் பிற்கால விவாதம் முழுவதும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து கிளைத்தது எனலாம். துணியில் துளை இருந்தால்தான் திசு ஊடுருவிப் பற்றும். அதே துளை வழியாகத்தான் ரத்தமும் கசியும்.

ஹூஸ்டனில் அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி நைலான் வாங்கத் துணிக்கடைக்குப் போனார். நைலான் தீர்ந்திருந்ததால் புதிதாக வந்திருந்த டேக்ரான் துணியைக் கடைக்காரர் காட்டினார். அதை வாங்கி வந்து வீட்டுத் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். தற்செயலாகக் கிடைத்த அந்த பாலியஸ்டரே நிலைத்தது. நைலான் உடலுக்குள் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழப்பது பின்னர் தெரிந்தது. இரண்டு ஓரத்தைச் சேர்த்துத் தைத்த குழாயில் தையல் ஒரு பலவீனம். தையலே இல்லாத குழாய்க்கு வழி, வட்டமாகப் பின்னுவதுதான். பிலடெல்பியாவின் ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன் அதற்கான பின்னல் இயந்திரத்தை அமைத்துத் தந்தார். கிளை பிரியும் இடங்களுக்கும் ஏற்ற குழாய்கள் உருவாயின. வளைத்தால் குழாய் மடிந்து அடைபடாமல் இருக்க, 1955-ல் எட்வர்ட்ஸ், டாப் இருவரும் அதில் சுருக்கு மடிப்பு வைத்தனர். இன்றைய குழாயிலும் அந்த வரிவரியான மடிப்பைக் காணலாம்.

பின்னலா நெசவா என்பது அடுத்த கேள்வி. காதர்பேட்டைக் கடையில் சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டி வைத்தால் ஓரம் சுருண்டுகொள்ளும், இழுத்தால் அகலும், கண்ணி ஒன்று அறுந்தால் கோடாக ஓடும். பாவும் ஊடும் குறுக்கே இணையும் நெசவுத் துணியில் இந்த இளக்கம் இல்லை. அறுவை மருத்துவரின் ஊசிக்குப் பின்னல் இதமானது, வளைவுக்கு ஒத்துப்போகும், திசுவும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கசியும். அதனால் பொருத்துமுன் நோயாளியின் ரத்தத்தையே துணியில் தோய்த்து உறைய வைத்துத் துளைகளை அடைத்தார்கள். இதய நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் ஓடும்போது உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கப்படுவதால், அந்த உபாயம் அங்கே கைவிரித்தது. மார்பு மகாதமனிக்கு நெருக்கமான நெசவுக் குழாயே விரும்பப்பட்டது. சாதாரணப் பின்னல் குழாய்கள் துடிப்பின் அழுத்தத்தில் காலப்போக்கில் அகலுவதும் தெரியவந்தது. இழுத்தாலும் எளிதில் அகலாத வார்ப் நிட்டிங்குக்கு (பாவு நூல்களால் பின்னும் முறை) தயாரிப்பாளர்கள் மாறினர்.

உறைய வைக்கும் வேலையைத் தொழிற்சாலையே செய்து தரும் நிலை 1980-களில் வந்தது. துணியில் கொலாஜன் அல்லது ஜெலட்டின் பூசப்பட்டது. உடலுக்குள் அது மெல்லக் கரைய, அந்த இடத்தைத் திசு பிடித்துக்கொள்ளும். இதில் முன்னின்ற ஸ்காட்லாந்தின் வாஸ்குடெக், தையல் நூலுக்குப் பேர்போன கோட்ஸ் குழுமத்தில் பிறந்தது. மதுரை ஆலைகளால் தமிழ்நாட்டுக்கு அறிமுகமான மதுரா கோட்ஸின் கோட்ஸும் அதுவே. ஜவுளிக் கம்பெனி ஒன்று மருத்துவத்துக்குள் நுழைந்ததில் வியப்பில்லை. நூலையும் கண்ணியையும் அறிந்தவர்கள்தான் கசிவையும் கட்டுப்படுத்த முடிந்தது.

தமிழ்நாட்டில் இதய அறுவையின் தொடக்கம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். ரீவ் பெட்ஸ் 1940-களின் இறுதியில் அங்கே மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில் திறந்த இதய அறுவை அங்கு நடந்தது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவையைச் செய்தார். பைபாஸுக்குத் துணிக்குழாய் உதவாது. விட்டம் சுமார் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரத்தம் உறைந்து அடைத்துவிடுவதால், நோயாளியின் கால் சிரையோ மார்புத் தமனியோதான் வேண்டும். அரை நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் இந்த எல்லை நகரவில்லை.

இந்தியாவுக்கு அதிகம் தேவைப்பட்டது வால்வு. குழந்தைப் பருவ முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் ஏராளம். இறக்குமதி வால்வின் விலையோ ஏழைக்கு எட்டாதது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் குழு பல மாதிரிகளைச் சோதித்துக் கைவிட்ட பின், கோபால்ட் கலப்பு உலோகக் கூடும் பாலிஎத்திலீன் வட்டும் பாலியஸ்டர் துணி வளையமும் கொண்ட வடிவத்துக்கு வந்தது. 1990 டிசம்பர் 6-ல் அது முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மகாதமனி வீக்கத்தைக் கண்டறியும் முறைகளும் இதற்கிடையே மாறின. 1953-ல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும் தொடங்கிய எக்கோவும், 1970-களில் வந்த சி.டி. ஸ்கேனும் தமனியின் விட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் காட்டின. ஏறு மகாதமனி 5.5 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை என்ற வழக்கம் அந்த அளவீட்டால்தான் சாத்தியமானது. 1990-ல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, டேக்ரான் குழாயை ஸ்டென்ட்டோடு இணைத்துத் தொடைத் தமனி வழியே வயிற்றுக்குள் ஏற்றினார். வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. டிபேக்கிக்கே மகாதமனி கிழிந்து 2006-ல், 97 வயதில், அறுவை நடந்தபோது அவருக்கு வைக்கப்பட்டதும் டேக்ரான் குழாய்தான். அவர் 2008 வரை வாழ்ந்தார்.

கோவையில் 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் (சிட்ரா), இப்போது மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமாகவும் இயங்குகிறது. திருப்பூரின் நிட்டிங் இயந்திரத்துக்கு அருகிலேயே அறிவு இருக்கிறது. பனியனுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள தூரம் பின்னும் தொழிலில் இல்லை, தரத்தில். பனியன் துணிக்குப் பார்ப்பது ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை), சுருக்கம், சாய நிலைப்பு. குழாய்க்கு, ஊசி எண்ணெயும் நூல்பூச்சும் மிச்சமின்றிக் கழுவப்பட வேண்டும். 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் நீர் கசிகிறது என்று அளக்கப்பட வேண்டும். இதயத்துக்குள் வைக்கும் பொருளுக்குச் சட்டமும் கடுமையானது: 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மருத்துவச் சாதன விதிகள் இதய வால்வை உச்ச ஆபத்து வகுப்பான ‘டி’-யில் வைத்துள்ளன. அந்த வகுப்புக்கான உற்பத்தி உரிமத்தை மத்திய அரசின் உரிம அதிகாரியே வழங்குகிறார்.