விலகியது யார்? 1950இல் சீனமும் வர்த்தகப் பொது உடன்படிக்கையும்

வர்த்தக உடன்படிக்கையொன்றிலிருந்து ஒரு நாடு விலகியது என நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். ஆயின், நாடு என்று ஈண்டுச் சுட்டப்படுவது யாது? ஆட்சியாளரா, மக்களா? தீர்வைகள், வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கையிலிருந்து 1950ஆம் ஆண்டிற் சீனம் வெளியேறிய வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

1947இல் ஜெனீவாவில் உருவான இவ்வுடன்படிக்கையின் மூலத் தரப்பினர் 23 பேர். சீனமும் இலங்கையும் அவர்களுள் இடம்பெற்றிருந்தன. உடன்படிக்கை தற்காலிகப் பிரயோக நெறியேடொன்றின் வழியே நடைமுறைக்கு வந்தது. அந்நெறியேட்டின்படி, ஐக்கிய நாடுகள் தாபனத்தின் செயலாளர் நாயகத்துக்கு எழுத்தில் அறிவித்து 60 நாட்கள் கழிந்ததும் எந்த அரசாங்கமும் விலகிக்கொள்ளலாம். காரணங் கூற வேண்டுவதில்லை.

1949 ஒக்டோபர் 1இல் சீன மக்கள் குடியரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. டிசெம்பரில் சியாங் கை ஷேக்கின் அரசாங்கம் தாய்வானிற் புகலடைந்தது. பெருநிலப்பரப்பின் பெருந் துறைமுகங்களும் சுங்கச் சாவடிகளும் கைநழுவிப்போன அவ்வரசாங்கமே 1950 மார்ச்சில் விலகல் அறிவித்தலை அனுப்பியது. மே 5இல் விலகல் நடைமுறைக்கு வந்தது. அதன் செல்லுபடித்தன்மை பற்றிச் செக்கோசிலோவாக்கியா வினா எழுப்பியபோதும் விலகல் நிலைத்தது.

விளைவுகள் விரைவிலேயே தோன்றின. விலகிய நாட்டுடன் பேசி வழங்கிய சலுகைகளை மீளப்பெற உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை இடமளித்தது. 1950 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கா அவ்வாறே செய்தது. கொரிய யுத்தம் மூண்டிருந்த சூழலில், 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சீனத்துக்கு யுத்த முக்கியத்துவம் வாய்ந்த பொருள்களை அனுப்புதலைத் தடைசெய்யுமாறு கோரியது. எனவே, சீனம் ஒதுக்கப்பட்டமைக்கு விலகல் மாத்திரமே காரணமென நாம் வாதிடவில்லை. அவ்வொதுக்கலுக்கு வர்த்தகச் சட்டம் தடையாக நிற்கும் வாய்ப்பினை அது அகற்றிவிட்டது என்பதே எமது கருத்தாகும்.

எனினும், வர்த்தகம் முற்றாக நின்றுவிடவில்லை; அதன் வடிவமே மாறியது. அரிசித் தட்டுப்பாட்டாலும் இறப்பர் விலை வீழ்ச்சியாலும் நெருக்குண்ட இலங்கை, பொது உடன்படிக்கையினுள் இருந்தவாறே, 1952 டிசெம்பரிற் சீனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தஞ் செய்தது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கும் 270,000 தொன் அரிசிக்கும் அது வழிவகுத்தது. பொதுச் சட்டம் கைவிட்ட இடத்தை இருதரப்புப் பேரம் நிரப்பிற்று.

மீளும் பாதையோ நெடியது. 1950இன் விலகல் செல்லாது எனக் கொண்ட சீன மக்கள் குடியரசு, 1986 யூலையிலே தன் பழைய தரப்புரிமையை மீட்டுத்தருமாறு கோரியது. அது கைகூடவில்லை. 15 ஆண்டுப் பேச்சுவார்த்தைகளின் பின்னர், 2001 டிசெம்பர் 11இல், உலக வர்த்தகத் தாபனத்திற் புதிய உறுப்பினராகவே சேர்ந்தது.

போவதற்கு 60 நாட்கள்; மீள்வதற்கு அரை நூற்றாண்டு. இன்றும் உலக வர்த்தகத் தாபன உடன்படிக்கையின் 15ஆம் உறுப்புரை விலகுவோரிடம் ஆறு மாத அறிவித்தலையே கேட்கின்றது. உடன்படிக்கையைக் கைவிடுவோர் அதன் விளைவைச் சுமப்போராகவும் இருத்தல் வேண்டுமெனச் சட்டம் அன்றும் கேட்கவில்லை; இன்றும் கேட்பதில்லை. வர்த்தகச் சட்டத்தின் வரலாற்றைப் பயில்வோர் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவேயாம்.